நரிக்காது அங்கி

சட்டைக் கழுத்திலிருக்கும் லேபிளை எடுப்பதற்குக் கத்தரிக்கோல் சரிப்படாது. கத்தரித்தால் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அது பிள்ளைகளின் கழுத்தை உறுத்தும். தையல் பிரிப்பதற்கென்றே சின்னதாக ஒரு கருவி இருக்கிறது, கவட்டைபோல முனை பிரிந்திருக்கும். அதை நூலுக்கு அடியில் கொடுத்து, ஒரு தையல் விட்டு ஒரு தையலாக வெட்டிக்கொண்டே போனால் லேபிள் முழுதாகக் கையோடு வந்துவிடும். அங்கே ஒரு பெயர் இருந்தது என்பதே தெரியாது. நீங்கள் கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் இதுதான்.

என் பெயர் பெர்னிஸ் கமின்ஸ்கி. டொலீடோவிலேயே பிறந்து டொலீடோவிலேயே வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஸ்டான் இறந்துபோன பிறகு, வீட்டுக் கார் ஷெட்டில் பெட்டிகளை அடுக்கிவைத்து இணையத்தில் குழந்தைகள் துணி விற்க ஆரம்பித்தேன். ஸ்டானின் தங்கை டோரீன் வாரத்தில் பாதி நாள் வந்து உதவுவாள். மடிப்பது, பொட்டலம் கட்டுவது, வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டுவது எல்லாம் அவள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

தொடங்கிய புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். கட்டம் போட்ட கழுத்துத் துண்டுகளை விற்கும்போது, பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'மாதிரி' என்று எழுதியிருந்தேன். 'மாதிரி' என்று போட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். போதாது. அந்தக் கட்டத்துக்கேகூட வணிகக்குறி பதிவு இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் என் கடையைத் தளத்திலிருந்தே தூக்கியிருந்தார்கள். அவர்களுடைய வக்கீலிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. நான் அழவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்துக்குப் போனபோது, பரிமாறிக்கொண்டிருந்த ஹாங்க் என் தட்டில் மீனை வைத்துவிட்டு, "பெர்னிஸ், நல்லா பாத்துக்க. இது அசல் மீனு. மீன் மாதிரி இல்ல" என்றான். மேஜை முழுக்கச் சிரித்தது. டோரீனும் சிரித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன்.

இனி அந்த விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். விதிகளை உட்கார்ந்து படித்தேன். தலைப்பில் அடுத்தவர் பெயர் வரக் கூடாது. அடுத்தவர் இணையப் பக்கத்துப் படத்தை எடுத்துப் போடக் கூடாது. பொத்தானில் முத்திரை இருந்தால் பொத்தானை மாற்ற வேண்டும். அசல் பொருளை அசல் பெயரில் மறுபடி விற்கலாம், ஆனால் எங்கே வாங்கினீர்கள் என்று காட்டத் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்கும் சொன்னேன். கிளை நூலகத்தில் கூட்ட அறையைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து விற்கிறவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். தொப்பி விற்கும் ஒருவர் எப்போதும் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்.

"பேருல ரெண்டு எழுத்த மாத்திப் போட்டா?"

"கூடாது."

"மூணு?"

"நீங்க எத்தன எழுத்த மாத்தினாலும், பாக்கறவனுக்கு எந்தப் பேரு ஞாபகம் வருதுங்கறதுதான் கணக்கு."

"அப்ப எல்லா எழுத்தயும் மாத்திடறேன், தாயே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்தது அல்ல. பெர்னிஸைக் கேட்டுக்கொண்டு விற்றால் வம்பு வராது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

போன இலையுதிர் காலத்தில் வெய்ன் கூப்பிட்டான். பெரிய கடைகளில் மிஞ்சியதையும் திரும்பி வந்ததையும் மொத்தமாக எடுத்து விற்கிறவன். அவனிடம் நான் முன்பும் வாங்கியிருக்கிறேன். அவன் கிடங்கில் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினான். குழந்தைகள் குளித்த பிறகு மேலே போட்டுக்கொள்ளும் நீளமான அங்கி. ஆரஞ்சு நிறம், உள்ளும் புறமும் பூனைக்குட்டி ரோமம்போல மெத்தென்று. தலையை மூடும் முக்காட்டில் இரண்டு நரிக்காது.

"கைய வெச்சிப் பாரு. எடுக்க மனசு வராது" என்றான்.

"எந்தக் கம்பெனி?"

"கழுத்தப் பாத்துக்க. ஆனா பேரோட விக்க முடியாது. பேரப் பிரிச்சிட்டா உன் சரக்கு."

"ஏன் முடியாது?"

"நூலகத்துல பாடம் நடத்துற ஆளு நீ. என்னக் கேக்கற" என்று சிரித்தான்.

கம்பெனி பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. உங்களிடம் இருக்கிறது. என் வாயால் அந்தப் பெயரை நான் எந்த இடத்திலும் பயன்படுத்தியதில்லை. இப்போது மட்டும் எதற்கு?

பெட்டிகளின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வண்டியில் ஏற்றும் முன்பே வெய்ன் பலவற்றைக் கிழித்துவிட்டான். மிச்சமிருந்ததை வீட்டுக்கு வந்து நான் முடி உலர்த்தும் கருவியால் சூடுபடுத்தி உரித்தேன். சூடு பட்டால் பசை இளகிவிடும், அட்டை கெடாது. அட்டைப் பெட்டியை நாங்கள் மறுபடி பயன்படுத்துவோம்.

மறுநாள் டோரீன் வந்ததும் லேபிள் பிரிக்க உட்கார்ந்தோம். கழுத்திலிருந்ததை எடுத்துவிட்டு, பக்கத் தையலுக்குள் இருந்த இன்னொரு சின்னத் துணியையும் எடுக்கச் சொன்னேன்.

"இது துவைக்கற விவரந்தான? இத ஏன் எடுக்கணும்?" என்றாள்.

"அதுல அவங்க நம்பரு இருக்கு. எந்தத் தொகுதி, எப்ப செஞ்சதுன்னு. நம்பரு இருந்தா பேரு இருக்கற மாதிரிதான்."

"உன்கூடயே இருந்தா நானும் வக்கீல் ஆயிடுவேன் போல." சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். டோரீனுக்கு விரல் நல்ல வேகம். சாயங்காலத்துக்குள் மேஜையடியில் லேபிள்கள் குவிந்துவிட்டன.

அங்கே என் பெயரை ஏன் தைக்கவில்லை என்று உங்கள் ஆள் ஒருவர் நேற்றுக் கேட்டார். வேறொருவர் செய்த பொருளில் என் பெயரைப் போடுவது நேர்மை அல்ல. வகுப்பில் நான் முதலில் சொல்லும் விஷயமே அதுதான்.

ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தது என்றால், இது திரும்பப் பெறப்பட்ட பொருள், விற்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆணையத்தின் பெயரும் இருந்தது. நான் வாசித்தேன். கண் மங்கல்தான், ஆனால் எழுத்து பெரிது.

கம்பெனிகள் பல காரணங்களுக்காகத் திரும்பப் பெறுகின்றன. எழுத்துப் பிழைக்காகக்கூடத் திரும்பப் பெறுவார்கள். அதனால் நானே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, ஒரு அங்கியின் கையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டு முன்னால் போனேன். முதல் பனி விழுந்திருந்தது. துணியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு ஸ்டானின் பழைய லைட்டரை அதன் ஓரத்தில் காட்டினேன்.

தீ மெதுவாக ஏறும் என்று எதிர்பார்த்தேன். அது ஏறவில்லை. ரோமத்தின் மேலே ஓடியது. இடுக்கியைப் பனியில் போட்டேன். அதற்குள் என் புறங்கையில் முடி கருகிவிட்டது. பனி தள்ளிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் துணி தானாகத் தீப்பிடிக்காது. ஒருவர் நெருப்பைக் கொண்டுவந்தால்தான் பிடிக்கும். சின்னக் குழந்தைகளை நெருப்புப் பக்கம் விடக் கூடாது என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்தது. திங்கட்கிழமை நான் அங்கிகளைக் கடையில் ஏற்றினேன். 'காட்டு நரி அங்கி, மெத்தென்றது, கம்பெனி அடையாளம் இல்லாதது' என்று போட்டேன். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் போட்டேன். பொய்யான சொல் ஒன்றும் அதில் கிடையாது.

நன்றாக விற்றது. நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் நாள் வருவதற்குள் பாதி போய்விட்டது. மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே அல்பீனாவிலிருந்து ஷெல்பி என்ற பெண் ஒன்று வாங்கினாள். ஒரு வாரத்தில் கருத்து எழுதினாள். டோரீன் எனக்கு வாசித்துக் காட்டினாள்: "ஐவி இத கழட்டவே மாட்டேங்கறா. இதப் போட்டுகிட்டுதான் தூங்கறா, இதப் போட்டுகிட்டுதான் சாப்புடறா. நரி பேசுற மாதிரியே பேசிட்டுத் திரியறா." கூடவே ஒரு படம். சமையலறை நாற்காலியில் ஒரு சிறுமி ஏறி நிற்கிறாள், காதுகள் இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன, முன்பல் விழுந்திருக்கிறது.

"நரி எப்படிப் பேசும்?" என்றாள் டோரீன்.

"எனக்கென்ன தெரியும்."

"ஐவிகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லி, படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்தப் படத்தைக் கடையின் முகப்பில் போட விரும்பினேன். அடுத்தவர் எடுத்த படத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறவள் அல்ல நான். ஷெல்பிக்கு எழுதிக் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம். "தாராளமா போடுங்க. அவளுக்குச் சொன்னேன், குதிக்கறா" என்று பதில் எழுதினாள். படம் போட்ட பிறகு விற்பனை இன்னும் கூடியது. அதை மறைக்கவில்லை.

ஜனவரியில் ஷெல்பி ஒரு செய்தி அனுப்பினாள். "தொந்தரவுக்கு மன்னிச்சிக்குங்க. நரிக்காது வெச்ச அங்கி ஒண்ணு சீக்கிரமா தீப்பிடிக்குதுன்னு திரும்ப வாங்கறாங்களாம். ஸ்கூல்ல ஒரு அம்மா சொன்னாங்க. இது அது இல்லையே?" என்று கேட்டு, அந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதியிருந்தாள்.

நான் உடனே பதில் அனுப்பவில்லை. ஒரு கோப்பை காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு எழுதினேன்: "அன்புள்ள ஷெல்பி, எங்கள் அங்கியில் நீங்கள் சொல்லும் கம்பெனியின் பெயரோ எண்ணோ எங்கும் இல்லை. நீங்களே புரட்டிப் பார்க்கலாம்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "பாத்துட்டேன். இல்ல. அப்பாடா. அவகிட்டேந்து எப்படிப் பிடுங்கறதுன்னு பயந்துட்டிருந்தேன். ரொம்ப தேங்க்ஸ்."

அந்தப் பதிலில் எது பொய் என்று நீங்கள் எனக்குக் காட்ட வேண்டும். நேற்றும் கேட்டேன். நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்கள்.

பிப்ரவரியில் நடந்தது உங்களுக்கே தெரியும். பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஷெல்பி நடையில் உட்கார்ந்து சின்னவனுக்குப் பனி பூட்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஐவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், அடுப்புக்கு மேலே அலமாரியிலிருந்த கோகோ டப்பாவை எடுக்கக் கையை நீட்டியிருக்கிறாள். கை அகலமான அங்கி அது. நான் வெட்டிப் பார்த்ததும் கைப்பகுதிதான்.

மறுநாள் ஷெல்பியிடமிருந்து செய்தி வந்தது. எழுத்துகள் முன்பின்னாக இருந்தன. "டாக்டருங்க என்ன துணின்னு கேக்கறாங்க. தோல்ல ஒட்டிட்டிருக்கு. யார் செஞ்சதுன்னு சொல்லுங்க. ப்ளீஸ்."

பாலியெஸ்டர் என்று உடனே பதில் அனுப்பினேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யார் செய்தது என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது அந்தக் கம்பெனியின் பெயரை என் சரக்கோடு சேர்த்துச் சொல்வதாக ஆகிவிடும். ஐவிக்காக ஜெபிக்கிறேன் என்றும் எழுதினேன். ஜெபிக்கவும் செய்தேன்.

ஷெல்பி மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டே தேடியிருக்கிறாள். பாதுகாப்பு ஆணையத்தின் பக்கத்தில் அந்த அங்கியின் படம் இருந்தது. காது, பை, இடுப்பு நாடா எல்லாம் அச்சு அசல் அதுவே. அன்று மாலை தன் பழைய கருத்தின் கீழே புதிதாக ஒன்று எழுதினாள். இது இன்ன கம்பெனி திரும்பப் பெற்ற அங்கி, லேபிளைப் பிரித்து விற்கிறார்கள், என் மகள் தீப்புண் பிரிவில் இருக்கிறாள், வாங்கியவர்கள் தயவுசெய்து இப்போதே பிள்ளை மேலிருந்து கழற்றிவிடுங்கள். இப்படி எழுதியிருந்தாள். கம்பெனியின் பெயரைப் பெரிய எழுத்தில் மூன்று இடத்தில் போட்டிருந்தாள்.

நீங்கள் முக்கியமாகக் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆம், நான்தான் புகார் கொடுத்தேன். அடுத்தவருடைய பதிவு செய்த பெயர், அவர்களுக்குத் தொடர்பில்லாத ஒரு கடையின் பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது, இது வணிகக்குறி மீறல் என்று தளத்துக்கு எழுதினேன். எந்த விதி என்பதையும் குறிப்பிட்டேன். நன்றாக எழுதப்பட்ட புகார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே ஷெல்பி எழுதியதை நீக்கிவிட்டார்கள். அவள் கணக்கையும் சில நாள் முடக்கிவைத்தார்கள். அது அவர்கள் முடிவு. நான் அதைக் கேட்கவில்லை.

ஐவி நாற்காலியில் நிற்கும் படம் முகப்பிலேயே இருந்தது. அனுமதி கொடுத்தது ஷெல்பி. அவள் அதைத் திரும்பப் பெறவில்லை. கடையில் மிச்சமிருந்த அங்கிகளும் விற்றன.

இண்டியானாவில், மன்சியில் நடந்ததைப் பற்றியும் கேட்டீர்கள். பிறந்தநாள் மெழுகுவத்தியிலிருந்து ஒரு பையனின் நரிக்காது அங்கியில் தீப்பிடித்தது. பையன் பிழைத்துக்கொண்டான் என்று கேட்டதில் எனக்கு நிம்மதி. தேதியைப் பார்த்தால் ஷெல்பியின் எச்சரிக்கை நீக்கப்பட்ட பிறகுதான் அது. அந்தத் தாய் அதைப் படித்திருக்கக்கூடும் என்கிறீர்கள். படிக்காமலும் இருந்திருக்கலாம். நிறையப் பேர் கருத்துகளைப் படிப்பதே இல்லை.

மார்ச் பிறப்பதற்கு முன்பே ஐவி போய்விட்டாள். அதை எனக்குச் சொன்னது டோரீன்.

ஷெல்பி எழுதியது நீக்கப்படும் முன்பே டோரீன் தன் போனில் அதைப் படித்திருக்கிறாள். என்னிடம் வாய் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று வேலைக்கு வராமல் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, குளிர்கோட்டைக் கழற்றாமல் நின்றாள். நான் பியெரோகி கொழுக்கட்டைக்கு மாவு திரட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு செத்துடுச்சு, பெர்னிஸ்."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அவ அம்மா எழுதுனத நீதான் எடுக்க வெச்சியா?"

"அதுல கம்பெனி பேரு இருந்துச்சு. மூணு எடத்துல."

கத்துவாள் என்று நினைத்தேன். டோரீன் கத்துகிற குடும்பத்துக்காரி. ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் கையால பிரிச்சேன். ஒவ்வொண்ணா நானே பிரிச்சேன். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாதுன்னுதான் இத்தன நாளும் என் மனசுக்குச் சொல்லிட்டிருந்தேன். நேத்து கேலப் நீ குடுத்த அங்கியப் போட்டுகிட்டு வந்து நின்னான். அப்பத்தான் புரிஞ்சுது."

கேலப் அவளுடைய பேரன். கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவனுக்கு ஒரு நரிக்காது அங்கி எடுத்துக்கொள்கிறேன் என்று டோரீன் கேட்டாள். ஷெட்டில் அவன் அளவு தீர்ந்துவிட்டது என்றேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. அதனால் நான் கடைத்தெருவுக்குப் போய், பெரிய கடையில், தள்ளுபடி ஒன்றும் இல்லாமல் நீல நிறத்தில் ஒரு அங்கி வாங்கிவந்தேன். கழுத்தில் லேபிள், பக்கத்தில் லேபிள், தீப் பாதுகாப்புச் சீட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கிறிஸ்துமஸ் விருந்தில் அவன் அதைப் பிரித்தபோது டோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "முழு வெல குடுத்து நீ எதயும் வாங்கி நான் பாத்ததில்லையே, பெர்னிஸ்" என்றாள்.

"அவன் அளவு இருந்துச்சு" என்றாள் டோரீன் இப்போது. "ஒரு பெட்டி நெறைய இருந்துச்சு. நான்தான அடுக்கினேன். வேற யாருக்கோ எடுத்து வெச்சிருப்ப போலன்னு நெனச்சேன். ஷெட்டுல கை வெட்டின அங்கி ஒண்ணு கெடந்துச்சு. நீ அப்பவே எரிச்சிப் பாத்துட்ட, இல்ல?"

ஆமாம் என்றேன். அவள் கேட்டாள், நான் உண்மையைச் சொன்னேன். நான் பொய் சொல்கிறவள் அல்ல.

அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். பிரித்த லேபிள்களில் கொஞ்சம் அவளிடம் இருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஸ்டானின் தங்கை, இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தோம். நீங்கள் எழுதிவைத்திருப்பதில் நான் கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தேதான் விற்றேன், கேட்டவளிடமிருந்து மறைத்தேன், எச்சரித்தவளின் வாயை மூட வைத்தேன் என்று இருக்கிறது. வாசகம் சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் அவளிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து அவளே ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருப்பாள், தடுத்தது நான். கேலப் இன்று உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறான் என்றால், அது என்னால்தான். இதுவரை டோரீன் அதற்காக எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.